ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்: அப்பாவுக்கு டி.பி.எஸ். செய்யலாமா, வேண்டாமா?

கேள்வி: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 64 வயதாகிறது. கும்பகோணத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2016ஆம் ஆண்டு வலக்கைக் கட்டைவிரலில் சிறு நடுக்கம் தொடங்கியபோது வயதானால் வருவதுதான் என்று விட்டுவிட்டோம். வரி முடியும் இடத்தில் அவருடைய கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சுருங்கிப் போவதைக் கண்ட உடனாசிரியர் ஒருவர்தான் நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். அன்று முதல் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்து வருகிறார்.

முதல் ஐந்தாண்டுகள் வெளியாருக்கு நோயே தெரியாதபடி நடமாடினார். இப்போது அப்படி இல்லை. நாளொன்றுக்கு ஆறு வேளை இந்த நோயின் முதன்மை மருந்தான லெவோடோபா மாத்திரையும், அதனோடு பிரமிபெக்சோல், என்டகபோன் ஆகிய துணை மருந்துகளும் எடுத்துக்கொள்கிறார். காலை 6 மணி மாத்திரை முக்கால் மணி நேரத்தில் பிடித்துவிடுகிறது. பிடித்த பிறகு சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார், நாளிதழ் படிக்கிறார், கடைத்தெரு வரை நடந்து வருகிறார். 8.30 மணிக்குள் மருந்தின் வேகம் இறங்கிவிடுகிறது. அடுத்த வேளை மாத்திரை பிடிக்கும்வரை கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார். மருந்து உச்சத்தில் இருக்கும்போது இதற்கு நேர்மாறான தொல்லை வருகிறது. கழுத்தும் தோளும் தாமாகவே நெளிந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் அவருக்கு வலியோ வருத்தமோ இல்லை, பார்க்கிற எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

இவை தவிர, குரல் மிகவும் தணிந்துவிட்டது. சென்ற ஆண்டு இரண்டு முறை விழுந்திருக்கிறார். உறக்கத்தில் கனவு கண்டு கத்துகிறார், கையை ஓங்குகிறார். மலச்சிக்கல் எப்போதும் உண்டு. நினைவாற்றலில் குறை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. பேரனுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கிறார்.

எங்கள் மருத்துவர் டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார், வற்புறுத்தவில்லை. மூளைக்குள் மின்முனையை இறக்கி, மார்பில் வைக்கும் மின்கலக் கருவியால் தூண்டும் முறை இது. மின்கலத்தின் வகையைப் பொறுத்து 11 முதல் 15 லட்சம் ரூபாய் வரை ஆகலாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. மண்டையோட்டில் துளையிடுவது என்ற பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், பொத்தானை அழுத்தியதும் ஒருவருடைய கை நடுக்கம் நின்றுபோகும் காணொளியை அனுப்பி, இன்னும் ஏன் தாமதம் என்று கேட்கிறார். பெரியப்பா பூனைக்காலி விதைப் பொடியே போதும் என்கிறார். அப்பாவோ, துணையின்றிப் பேருந்தில் தஞ்சாவூர் வரை போய்வர முடிந்தால் போதும், அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்.

நான் அறிய விரும்புவது இதுதான். மேலே சொன்ன தொல்லைகளில் எவை தீரும், எவை தீராது? இது சரியான காலமா, முந்தியதா, பிந்தியதா? செய்துகொண்டவர்களின் வீட்டில் அதற்குப் பிறகு அன்றாடம் எப்படி இருக்கிறது?

மறுமொழி: நொய்யல்

சகோதரி, என் கணவருக்கு 2021 பிப்ரவரியில், அவருடைய 58ஆம் வயதில், இந்த அறுவைச் சிகிச்சை நடந்தது. உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும். மற்றவற்றை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் லெவோடோபா சோதனை என்று ஒன்று செய்தார்கள். மாலையோடு மாத்திரைகளை நிறுத்தி, இரவு முழுவதும் மருந்தின்றி வைத்திருந்து, காலையில் அவரை எழுப்பினார்கள். கட்டிலில் புரள முடியாமல் மரப்பலகை போலக் கிடந்தார். விரல்களைத் தட்டுதல், குதிகாலைத் தரையில் தட்டுதல், நாற்காலியிலிருந்து எழுதல், நடந்து திரும்புதல் என ஒவ்வொன்றையும் செய்யச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். இதில் மதிப்பெண் கூடினால் நோய் கடுமை என்று பொருள். அவருக்கு 52 வந்தது. பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலான அளவில் மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதே சோதனைகளைச் செய்தபோது 19 ஆகக் குறைந்தது. இரண்டையும் படம் பிடித்து எங்களுக்குக் காட்டினார்கள். என் கணவர் தம்மை அந்த நிலையில் பார்த்தது அதுவே முதல் முறை. அன்று மாலை வரை அவர் யாருடனும் பேசவில்லை.

அறுவைச் சிகிச்சை நாளில் தலையை மழித்து, மரத்துப் போகும் ஊசி போட்டு, நான்கு திருகுகளால் ஓர் உலோகச் சட்டத்தைத் தலையில் பொருத்தினார்கள். எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது என்று இன்றும் சொல்வார். மூளைக்குள் மின்முனையை இறக்கும்போது அவர் விழித்திருந்தார். நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டார்களாம். சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போல இருந்தது என்றார். கையை மூடித் திறக்கச் சொன்னார்கள், கிழமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். ஓர் இடத்தில் மின்சாரத்தைக் கூட்டியபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ‘வியாழன்’ குழறியது. உடனே அந்தத் தடத்தை விட்டுவிட்டு அடுத்த தடத்துக்கு மாறினார்கள். இதற்காகத்தான் நோயாளியை விழித்திருக்கச் செய்கிறார்கள் என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. பிறகு முழு மயக்கம் கொடுத்து, காறை எலும்புக்குக் கீழே கருவியை வைத்து, தோலுக்கு அடியில் கம்பியைக் கொண்டுவந்து இணைத்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினோம்.

இங்கே ஒன்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கருவியை இயக்குவதற்கு முன்பே அவர் நன்றாக நடந்தார். நாங்கள் கோயிலுக்குப் போய் அர்ச்சனையே செய்துவிட்டோம். பத்தே நாளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ணி அழுதுகொண்டே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். மின்முனை நுழைந்த இடத்தில் ஏற்பட்ட சிறு காயத்தாலும் வீக்கத்தாலும் கிடைத்த தற்காலிகப் பலன் அது, வீக்கம் வடிந்ததும் போய்விடும் என்று விளக்கினார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நான்கு வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். காணொளியில் வருவது போல ஒரு பொத்தானில் எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுக்கம் நொடியில் நின்றது உண்மைதான். ஆனால் நடையும் விறைப்பும் சீராக ஐந்து மாதமும் ஏழு பயணங்களும் ஆயின. இடையில் ஒரு முறை மின்சாரத்தைக் கூட்டிய பின் அவருடைய குணமே மாறிப்போனது. நள்ளிரவில் எழுந்து அலமாரியை அடுக்குவார், ஓயாமல் பேசுவார், தேவையில்லாத பொருள்களை இணையத்தில் வாங்கிக் குவிப்பார். நோய் நீங்கிய மகிழ்ச்சி என்று உறவினர்கள் சொன்னார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. மருத்துவரிடம் சொன்னதும் தூண்டும் புள்ளியை மாற்றினார், மூன்று நாளில் அடங்கியது.

இன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. லெவோடோபா 1,100 மில்லிகிராமிலிருந்து 500க்குக் குறைந்திருக்கிறது. உடல் நெளிவது அறவே இல்லை. மருந்து இறங்கிக் கிடக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி அளவே. பேச்சு மட்டும் முன்பைவிடக் குழைந்திருக்கிறது, எடை 9 கிலோ கூடியிருக்கிறது. மறுபடியும் இதே முடிவை எடுப்பீர்களா என்று கேட்டால் எடுப்போம் என்றே இருவரும் சொல்வோம்.

கடைசியாக ஒன்று. மூட்டுவலிக்காக எங்கள் ஊரிலுள்ள ஓர் இயன்முறை மையத்துக்கு அவர் போயிருந்தபோது, அங்கிருந்தவர் டயாதெர்மி என்னும் வெப்பச் சிகிச்சைக் கருவியை இழுத்து வந்து இயக்கத் தயாரானார். கருவி பொருத்தியவர்களுக்கு அது கூடவே கூடாது. அந்த ஆற்றல் மின்முனை வழியே மூளைக்குப் போய்த் திசுவைச் சுட்டுவிடும். அவர் சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டியதால் தப்பினோம். அட்டையில் இருப்பதை வீட்டிலுள்ள எல்லோரும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நரம்பியலர்

அம்மா, அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் சோதித்துப் பார்க்காத நோயாளிக்கு முடிவு சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் முறையை மட்டும் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையின் பலனை முன்கூட்டி அறிய எளிய வழி ஒன்று உண்டு. மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் உங்கள் தந்தை எப்படி இருக்கிறாரோ, ஏறத்தாழ அந்த நிலையைத்தான் கருவி நாள் முழுவதும் நீட்டித்துத் தரும். மாத்திரையால் தீராத ஒன்றைக் கருவி தீர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. மாத்திரைக்கு அசையாத நடுக்கமும் தூண்டலுக்குப் பெரும்பாலும் அடங்குகிறது. சகோதரி நொய்யல் விவரித்த லெவோடோபா சோதனையில் மதிப்பெண் 30 விழுக்காடாவது குறைய வேண்டும் என்று கேட்பது இந்தக் காரணத்தால்தான். அவருடைய கணவருக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது.

இந்த அளவுகோலை உங்கள் பட்டியலின் மேல் வைத்துப் பாருங்கள். மருந்து இறங்கும்போது வரும் விறைப்பு, மந்தம், படியில் கால் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை மாத்திரை பிடித்ததும் விலகுகின்றன என்றால், கருவியாலும் குறைய வாய்ப்புண்டு. உடல் நெளிவதும் குறையும். மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற இடத்தைத் தூண்டினால் மாத்திரையின் அளவைக் குறைக்க முடிவதே அதற்குப் பெரும் காரணம். தணிந்த குரல், உறக்கத்தில் கத்துதல், மலச்சிக்கல் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குரல் இன்னும் சற்று மோசமாகவும் கூடும். விழுந்ததைப் பற்றி நீங்கள் எழுதியது போதவில்லை. மருந்து இறங்கியிருந்தபோது விழுந்தாரா, நன்றாகப் பிடித்திருந்தபோதே விழுந்தாரா என்பது எனக்கு மிக முக்கியமான கேள்வி. முதலாவது என்றால் நம்பிக்கை உண்டு. இரண்டாவது என்றால் கருவி உதவாது, நன்றாக நடக்கத் துணிந்து இன்னும் அதிகமாக விழவும் நேரலாம்.

காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவர்கள் 5-2-1 என்று நினைவில் வைத்திருக்கும் ஓர் அடையாளம் உண்டு. நாளுக்கு ஐந்து வேளைக்குக் குறையாத லெவோடோபா, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மருந்து இறங்கிய நிலை, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத தொல்லை தரும் நெளிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், மாத்திரைக்கு அப்பால் யோசிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டதா என்று பார்க்கிறோம். உங்கள் தந்தை அந்த வாசலில் நிற்கிறார் என்றே தோன்றுகிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வில், இத்தகைய தொல்லைகள் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேற்படாதவர்களுக்கே கருவி பொருத்தினார்கள். இரண்டாண்டு முடிவில் அவர்களுடைய வாழ்க்கைத்தரம் ஏறத்தாழக் கால் பங்கு உயர்ந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு உயரவில்லை. கடைசிப் புகலிடமாகக் கருதித் தள்ளிப்போட வேண்டாம் என்ற எண்ணம் வலுப்பட்டது அதன் பிறகுதான். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 60 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 64 என்பது தடை அன்று. பல மையங்களில் 70 வரையும், உடலும் அறிவும் திடமாக இருந்தால் அதற்கு மேலும் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் 255 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு உங்கள் தந்தையின் பேருந்துப் பயணத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதில் வயது முதிர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆறு மாத முடிவில், தொல்லை தரும் நெளிவின்றி நன்றாக நடமாடும் நேரம் கருவி பொருத்தியவர்களுக்கு நாளுக்குச் சராசரி 4.6 மணி கூடியது, மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. அதே ஆய்வில், கடுமையான பக்கவிளைவு நேரும் வாய்ப்பு கருவி பொருத்தியவர்களிடம் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்ததும், ஒருவர் மூளை இரத்தக்கசிவால் இறந்ததும் பதிவாகியுள்ளன. பெரும்பாலான பக்கவிளைவுகள் சரியாகிவிட்டன. உங்கள் அம்மாவின் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பொதுவாக நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ இரத்தக்கசிவு நேருகிறது, அதைவிடச் சற்றுக் கூடுதலானவர்களுக்குக் கிருமித்தொற்று ஏற்பட்டுக் கருவியைக் கழற்ற நேரலாம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும்; ஆஸ்பிரின் போன்றவை எடுப்பவரானால் எப்போது நிறுத்துவது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனநிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு, இல்லாத உருவங்கள் தோன்றுதல், பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளால் வரும் கட்டுக்கடங்காத செலவு அல்லது சூதாட்ட ஆசை ஆகியவை முன்பு எப்போதாவது இருந்தனவா என்று கேட்பார்கள். குடும்ப மானம் கருதி இதை மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதன் விலை பின்னர் தெரிந்தது. எந்த இடத்தைத் தூண்டுவது என்பதும் இதை ஒட்டியே முடிவாகலாம். சப்தலாமிக் நியூக்ளியஸ், குளோபஸ் பாலிடஸ் ஆகிய மூளையின் இரண்டு இடங்களையும் 299 பேரிடம் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில் அசைவுகளில் கிடைத்த பலன் ஒன்றுபோலவே இருந்தது. முன்னதில் மாத்திரை கூடுதலாகக் குறைந்தது, பின்னதில் மனநிலை சற்று நன்றாக இருந்தது.

அண்ணனுக்கு ஒரு செய்தி. பிரான்சின் கிரனோபிள் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனபிட் 1987இல் மூளையின் தலாமஸ் பகுதியில் அதிவிரைவுத் தூண்டலைத் தொடங்கியபோது அவர் கண்ட முதல் பலன் நடுக்கம் நின்றதுதான். அது கண்ணுக்கு விருந்து, அதனால்தான் காணொளிகளில் அதையே காட்டுகிறார்கள். விறைப்புக்கும் மந்தத்துக்கும் உதவும் சப்தலாமிக் நியூக்ளியஸ் 1993இல்தான் இதற்கு இலக்காயிற்று. கொண்டைக்கடலையை விடப் பெரிதல்லாத அந்த இடம் நோயில் வகிக்கும் பங்கைக் காட்டியவர் அமெரிக்க நரம்பியலர் மாலன் டிலாங். இருவருக்கும் 2014இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. ஆயினும் கருவி நோயின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. நரம்பணுக்கள் அழிவது தொடர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பெரியப்பாவுக்கும் ஒரு செய்தி. பூனைக்காலி விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே ஆபத்து, ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையோடு சேர்த்து உண்டால் நெளிவு கூடும். சோதனைக்குப் போகும்போது அதை எடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுமொழி: பொருநை

ஐயா சொன்னதில் ‘மாத்திரையால் தீராததைக் கருவி தீர்க்காது’ என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

என் தாயார் நோய் தொடங்கிய முதல் ஆண்டிலேயே விழத் தொடங்கினார், அதுவும் பின்பக்கமாக மல்லாந்து. மாத்திரையைக் கூட்டியும் பெரிய மாற்றமில்லை. ஒரு மருத்துவமனையில் டி.பி.எஸ். செய்துவிடலாம் என்று ஒரே சந்திப்பில் தேதியே குறித்துவிட்டார்கள். லெவோடோபா சோதனை பற்றிய பேச்சே எழவில்லை. முன்பணத்துக்காக வீட்டு மனை ஒன்றை விற்பதற்கு ஆள் பேசிவிட்டோம். உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் வேறோர் ஊரில், அசைவு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உள்ள மையத்தில் இரண்டாம் கருத்துக் கேட்டோம்.

அங்கே இருந்த மருத்துவர் அம்மாவிடம் தட்டைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது, பாருங்கள் என்றார். அம்மாவால் கண்ணைத் தாழ்த்த முடியவில்லை, தலையையே குனிந்தார். சாப்பிடும்போது சோறு சிந்துவதையும், படியிறங்கத் தடுமாறுவதையும் கை நடுக்கத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தவர்கள் நாங்கள். அது பார்க்கின்சன் நோயே அன்று, அதைப்போலத் தோன்றும் பி.எஸ்.பி. என்ற வேறு நோய் என்றும், அதற்குக் கருவியால் பயனில்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள். மறுத்துவிட்டார்களே என்று அன்று கோபப்பட்டோம். மனையை விற்காமல் இருந்ததால்தான் பிந்தைய இரண்டாண்டுகள் வீட்டில் ஆள் வைத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

உங்கள் தந்தைக்கு ஒன்பதாண்டு ஆகியும் மாத்திரை நன்றாகப் பிடிக்கிறது என்பதால் இந்த ஐயம் எழாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சோதனை இன்றித் தேதி கொடுக்கும் இடத்தில் கையெழுத்திட வேண்டாம்.

மறுமொழி: மாத்திரை டப்பா

இந்த இழையில் நான் ஒருவன்தான் நோயாளி என்று நினைக்கிறேன். எனக்கு 56 வயது, நோய்க்குப் பதினொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டி.பி.எஸ். செய்துகொள்ளச் சொன்னபோது தள்ளிப்போட்டேன். இப்போது அடுத்த மாதம் செய்துகொள்ளப் போகிறேன். இரண்டு முடிவுகளும் சரியானவை என்றே கருதுகிறேன்.

தள்ளிப்போட்டதற்குக் காரணம், மாத்திரையை நான் சாப்பிட்ட விதமே தவறாக இருந்தது. இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மாத்திரை போடுவேன். பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் லெவோடோபாவைக் குடலிலிருந்து ஏறவிடாமல் போட்டியிடும் என்பதை அதுவரை யாரும் எனக்கு உரைக்கும்படி சொல்லவில்லை. உணவுக்கு அரை மணி முன்பு வெறும் தண்ணீரோடு மாத்திரை, புரதத்தில் பெரும்பகுதி இரவு உணவில் என்று மாற்றியதும் பகலில் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் பதினெட்டு மாதம் அலுவலகம் போனேன். உங்கள் தந்தையின் காலை 8.30 மணித் தொல்லையில் இதற்கும் பங்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அரை மணிக்கு ஒரு கட்டமாக ஓர் அட்டவணை போட்டு, மருந்து பிடித்த நேரம், இறங்கிய நேரம், நெளிந்த நேரம், உறங்கிய நேரம் ஆகியவற்றை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். கணித ஆசிரியர் அல்லவா, நம்மைவிட ஒழுங்காகச் செய்வார். எப்படி இருக்கிறீர்கள் என்ற மருத்துவரின் கேள்விக்குப் பரவாயில்லை என்று பதில் சொல்வதைவிட அந்தத் தாள் நூறு மடங்கு பேசும்.

மின்கலத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் சொல்கிறேன். மின்னேற்றம் தேவைப்படாத வகை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அப்போது மார்பில் மட்டும் சிறு அறுவை செய்து மாற்ற வேண்டும், தலையைத் தொட மாட்டார்கள். மின்னேற்றும் வகைக்கு விலை கூடுதல், ஆனால் 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வரும். வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து மின்னேற்ற வேண்டும். உங்கள் பெற்றோரில் யாருக்கு அது கைவரும் என்று யோசியுங்கள். எனக்கு மின்னேற்றும் வகை, மறதிக்காரரான என் நண்பருக்கு மற்றது. எந்த வகையானாலும் மின்கலத்தின் அளவை அவ்வப்போது பார்க்காமல் விட்டு அது திடீரென்று நின்றுவிட்டால், நோய் முழு வேகத்தில் திரும்பி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வரலாம். அடுத்த மின்கலத்தின் செலவு, ஒவ்வொரு முறை கருவியைச் சீரமைக்கும் கட்டணம், காப்பீட்டு நிறுவனம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பன எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வாயால் சொன்னதும் எழுத்தில் வந்ததும் வேறாக இருந்தன.

மையத்தைத் தேர்ந்தெடுப்பதில் அறுவைச் சிகிச்சை நிபுணரின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். அவர் உங்களோடு இருப்பது ஒரு நாள். கருவியைச் சீரமைப்பவர் பல ஆண்டுகள் இருப்பார். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ், சென்னையிலும் கோவையிலும் தனியார் மருத்துவமனைகள் என்று வாய்ப்புகள் இருக்கின்றன. கும்பகோணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் மாதம் ஒரு முறை எந்த ஊருக்கு இரயிலில் போய்வர முடியும் என்பதையும் தேர்வில் ஒரு காரணமாக வையுங்கள்.

தலையில் கம்பி வேண்டாம் என்பவர்களுக்குக் குவிந்த ஒலியலையால் மூளையில் சிறு புள்ளியைச் சுட்டு அழிக்கும் முறையும், தோலுக்கு அடியில் ஊசி வழியே அபோமார்பின் என்ற மருந்தைச் செலுத்தும் பம்பும் உண்டு. முன்னதைப் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்கிறார்கள், சுட்டதை மீட்க முடியாது. பின்னதை நாள்தோறும் குத்தி மாட்ட வேண்டும். இரண்டையும் விசாரித்த பிறகுதான் நான் கருவிக்கு வந்தேன்.

மறுமொழி: அரசலாற்றங்கரை

நொய்யல் அக்காவுக்கும், ஐயாவுக்கும், மற்ற இருவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அட்டவணையை அப்பா அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத் தயாரித்தார். மூன்று வாரக் கணக்கில், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் சராசரி 5 மணி நேரம் மருந்து இறங்கிய நிலை, 2 மணி நேரம் நெளிவு என்று வந்தது. காலை உணவையும் மாத்திரையையும் பிரித்த பிறகு 5 மணி 4 ஆகக் குறைந்தது. அதற்குக் கீழே போகவில்லை. விழுந்த இரண்டு முறையும் விடியற்காலையில், முதல் மாத்திரைக்கு முன்பு, கழிவறைக்குப் போகும்போது என்று அம்மா நினைவுகூர்ந்தார்.

லெவோடோபா சோதனை சென்ற வாரம் நடந்தது. 48இலிருந்து 21 ஆகக் குறைந்தது. இரவு முழுவதும் மருந்தில்லாமல் அப்பா கிடந்ததையும், ஒரு மணி நேரத்தில் எழுந்து வராந்தாவின் கடைசி வரை நடந்து திரும்பியதையும் அம்மா அருகில் இருந்தே பார்த்தார். குரலில் மட்டும் இரண்டு நேரமும் வேறுபாடு இல்லை. அதை ஐயா சொன்னபடியே கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, குரலுக்கென்று தனியாகப் பேச்சுப் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். பூனைக்காலிப் பொடி ஒரு மாதம் வீட்டில் ஓடியிருக்கிறது என்பது சோதனைக்கு முந்தைய நாள்தான் எனக்குத் தெரிந்தது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினோம்.

அடுத்து நினைவாற்றல், மனநிலைச் சோதனைகள் இருக்கின்றன. தமிழிலேயே நடத்துவார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். அது முடிந்து, எம்.ஆர்.ஐ. படமும் எடுத்த பிறகே தேதி பற்றிப் பேச்சு. அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சை எடுத்தால் எழுந்து போவதில்லை. நேற்று அவராகவே, மின்னேற்றும் கருவியின் கம்பி எவ்வளவு நீளம் இருக்கும், ஊஞ்சலில் உட்கார்ந்தபடி போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இது தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.